சங்கராந்தித் தாளில் ஏறிய சொல்

ரத்னம் காரு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியால் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு, ஆணியில் தொங்கிய காலண்டரை இன்னும் நெருங்கிப் படித்தார். அவர் உதடு அசைவதையே நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசி வரிக்கு வந்ததும் முகம் சுருங்கிவிட்டது.

“ஏமிட்டண்டீ இதி?” என்றார்.

‘இது என்னங்க’ என்று அர்த்தம். ஆனால் அவர் கேட்ட விதத்தைப் பார்த்தால், இதை எவன் எழுதினான் என்று கேட்பதுபோல இருந்தது. எவன் இல்லை ஐயா, எவள். நான்தான் எழுதினேன்.

அன்றைக்கு ஆடிப் பதினெட்டு. சிவகாசிக் காலண்டர் அச்சகங்களுக்கு அதுதான் வருஷப்பிறப்பு. அடுத்த வருஷத்து மாதிரிகளுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, சூடம் காட்டி, வெளியூர் ஏஜெண்டுகளுக்குத் திறந்து காட்டுவார்கள். எங்கள் அச்சகத்தில் கூடுதலாக ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு ஏஜெண்டுக்கும் ஒரு மாதிரி மாட்டியிருப்போம். அதன் மேல் தாளை அவர் தன் கையால் கிழித்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால் ஆர்டர் உறுதி. மற்ற பேச்சு எல்லாம் அப்புறம்தான். கிழிக்காமல் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தால் அவர் அடுத்த அச்சகத்துக்குப் போகிறார் என்று பொருள்.

ரத்னம் காரு விஜயவாடா பக்கத்து ஏஜெண்டு. காரு என்றால் நம் ‘அவர்கள்’ மாதிரி ஒரு மரியாதைச் சொல். ஆந்திரா, தெலங்கானாவிலிருந்து வந்திருந்த மற்றவர்கள் எல்லாரும் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கிழித்தால் அவர்களும் கிழிப்பார்கள். அவர் கையோ மெல்லப் பின்னால் போய் முதுகில் கட்டிக்கொண்டது.

வீட்டில் ஒன்று, வீதியில் ஒன்று

போன சில வாரங்களாக இந்தப் பத்தியில் என் கல்யாணக் கூத்தையே எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு வாசகி, ‘உங்கள் வேலையைப் பற்றி எப்போதம்மா சொல்வீர்கள்?’ என்று கேட்டுவிட்டார். கேட்டது சரிதான். மாமியார் சண்டை எல்லார் வீட்டிலும் உண்டு. என் வேலை எல்லாருக்கும் வாய்க்காது.

சிவகாசிக்குப் பக்கத்தில் வெம்பக்கோட்டையைச் சுற்றி எங்களைப் போன்ற குடும்பங்கள் நிறைய. வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். எங்கள் தெலுங்கைப் பேச மட்டும்தான் முடியும். எழுத்து கிடையாது. பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தோம், கணக்கைத் தமிழில் போட்டோம், காதலைக்கூடத் தமிழில்தான் எழுதிக் கொடுத்தார்கள். அடி விழுந்தால் மட்டும் தெலுங்கில் அழுவோம்.

சிவகாசி அச்சகத்தில் தமிழ் மெய்ப்புத் திருத்தத்தான் சேர்ந்தேன். ஒரு சீசனில் தெலுங்கு டிடிபி பார்த்தவர் ஹைதராபாத்துக்கு ஓடிப்போனார். தலைக்கு மேல் வேலை. முதலாளி அண்ணாச்சி என் மேசைக்கு வந்தார்.

“ஏம்மா சீனியம்மா, நீ தெலுங்குக்காரவுகதானே?”

“பேசத் தெரியும் அண்ணாச்சி. படிக்கத் தெரியாது.”

“பேசுற வாய்க்குப் படிக்க எம்புட்டு நேரம் ஆகும்? பாத்துப் பழகு.”

நல்ல நியாயம் பாருங்கள்! ஆனால் பழகினேன். எப்படி என்கிறீர்களா? தினசரிக் காலண்டர்த் தாளை வைத்துத்தான். தமிழ்த் தாளில் ஞாயிறு என்றால், அதே தேதித் தெலுங்குத் தாளில் ‘ஆதிவாரம்’ என்றுதான் இருக்க வேண்டும். அப்படியானால் முதலில் இருப்பது ‘ஆ’. அடுத்து நிற்பது ‘தி’. திங்கள் என்றால் சோமவாரம். அங்கே ஒரு ‘சோ’ சிக்கும். கிழமையைப் பிடித்துக்கொண்டு எழுத்துக்குள் இறங்கிவிட்டேன்.

பிறகு ஒரு நாள், தண்ணீரைச் சேமிக்கச் சொல்லும் சுவரொட்டி ஒன்று மெய்ப்புக்கு வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். நீ... ள்ளு. நீள்ளு! என் அம்மா இடுப்பில் சுமந்து வரும் நீள்ளு, கறுப்பு மையில் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. எங்கள் வீட்டுப் பேச்சுக்கு எழுத்து இருக்கிறது என்பது தெரியும்தான். தெரிவது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு. கழிப்பறைக்குள் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். சந்தோஷம் தாங்கவில்லை.

பொன்மொழியின் தொல்லை

அன்றிலிருந்து பிடித்தது பைத்தியம். கண்ணில் பட்ட தெலுங்குச் சொல்லையெல்லாம் தமிழ்ச் சொல்லோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். அகராதிகள் வாங்கினேன். மொழியியல் பாடங்களைக் கைபேசியில் இறக்கிப் பேருந்தில் படித்தேன்.

தினசரித் தாளின் அடியில் ஒரு பொன்மொழி போடுவார்களே, அதைத் திருத்துவதும் என் வேலைதான். வருஷா வருஷம் அதே சரக்கு. கோபத்தைக் குறைத்துப் புன்னகை செய்யச் சொல்வார்கள். அதைத் திருத்தும்போதுதான் எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறும். அந்த இடத்தில் தினம் ஒரு சொல்லின் கதையைப் போட்டால் என்ன? இந்தச் சொல் எங்கே பிறந்தது, யாரோடு பிறந்தது, எந்த வழியாக உங்கள் வாய்க்கு வந்தது என்று தெலுங்கு பேசுகிறவர்களுக்குத் தெலுங்கிலேயே சொன்னால் என்ன?

பகுதிக்குத் தலைப்பு கிடைக்காமல்தான் திண்டாடினேன். தமிழில் சொற்பிறப்பியல் என்போம். தெலுங்கில் ‘வ்யுத்பத்தி’ என்பார்கள். அதை என் அண்ணன் பெண்டாட்டி முத்தம்மா மதினியிடம் சொன்னேன். மதினி தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மத்தாப்பு பேக்கிங் பார்க்கிறாள்.

“அது என்ன, மாத்திரை பேரா?” என்றாள். “சளிக்கா, வயித்து வலிக்கா?”

கேலி செய்துவிட்டு, கையில் பையோடு பேருந்துக்குக் கிளம்பினாள். எங்கே என்றேன். சாத்தூருக்கு, புட்டில்லுக்கு என்றாள். புட்டில்லு என்றால் பெண்ணின் பிறந்த வீடு. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். சொல்லுக்குப் பிறந்த வீடு! ‘மாட்ட புட்டில்லு’ என்று தலைப்பு வைத்தேன். மாட்ட என்றால் சொல். வாக்கப்பட்டுப் போன எந்தப் பெண்ணுக்கும் இதை அகராதி வைத்து விளக்க வேண்டியதில்லை.

நாக்கு செய்கிற வேலை

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சொற்பிறப்பு என்றதும் வாட்ஸாப்பில் வருமே, உலகத்துச் சொல் எல்லாவற்றுக்கும் நம் மொழிதான் தாய் என்று அடித்துச் சொல்லும் கூத்து, அது இல்லை இது. எங்கள் சித்தப்பா மகன் ஒருவன் தினம் ஒன்று அனுப்புவான். ஒலி ஒத்திருந்தால் போதும், உறவு என்று எழுதிவிடுவான். “லேய், ரெண்டு பேருக்கு ஒரே மூக்கு இருந்தா அண்ணன் தம்பியாலே?” என்று கேட்டேன். அதற்கப்புறம் அனுப்புவதில்லை.

ஒரு சொல் ஒத்தால் போதாது. வரிசையாக ஒத்து வர வேண்டும். நம் கோழி தெலுங்கில் கோடி. நம் ஏழு அங்கே ஏடு. ஏர் பிடிக்கும் மேழி அங்கே மேடி. நிழல் அங்கே நீட. நம் ழ வருகிற இடத்தில் எல்லாம் அங்கே ட நிற்கிறது பாருங்கள். எங்கள் ஊர்த் தமிழ் நாக்கு ழ-வை ள ஆக்கிக் ‘கோளி’ என்கிறது. கிருஷ்ணா நதிக்கரை நாக்கு அதை ட ஆக்கியது. நாக்கு தன் இஷ்டத்துக்குப் புரளவில்லை, ஒரு ஒழுங்கோடு புரண்டிருக்கிறது. இதைக் கண்டுபிடித்த அன்று பேருந்தில் பக்கத்தில் இருந்த அம்மாளின் தொடையில் தட்டிவிட்டேன். அவர் இறங்கும் வரை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பட்டாசுக்கு அடைக்கும் ரசாயனத்தை நாம் மருந்து என்கிறோமே, தெலுங்கிலும் அதுவேதான், மந்து. காய்ச்சலுக்குக் குடிப்பதும் அங்கே மந்துதான். இப்படி நிறைய எழுதினேன். மூலம் தெரியாத சொல்லுக்குத் ‘தெரியவில்லை’ என்றே எழுதினேன். அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டார்.

“காலண்டர்ல போயி தெரியாதுன்னு போடுவியா? வாங்குறவுக என்ன நெனைப்பாக?”

“பொய் சொல்லலன்னு நெனைப்பாக அண்ணாச்சி.”

அவர் சம்மதிக்க ஒரு சீசன் முழுக்கப் பின்னால் அலைந்தேன். கடைசியில் நிபந்தனை போட்டுத்தான் சம்மதித்தார். ஆடிப் பதினெட்டுக்கு ரத்னம் காரு தாளைக் கிழித்தால் தொடரலாம். கிழிக்காவிட்டால் பழையபடி பொன்மொழி. தெலுங்கு வேலையையும் ஹைதராபாத்தில் யாரிடமாவது கொடுத்துவிடுவார். நான் தமிழ் மெய்ப்புக்குத் திரும்பிப் போக வேண்டும்.

வேலை போய்விடாது. சம்பளமும் குறையாது. ஆனால் எழுத்தில்லாத எங்கள் வீட்டு மொழி முதல்முறை தாளில் ஏறியிருந்தது. அதை என் கையாலேயே இறக்க வேண்டும் என்றால் செத்துப்போவேன் போல இருந்தது.

அந்த ஒரு சொல்

மாதிரிக்கு எப்போதும் பண்டிகைத் தாளைத்தான் மேலே வைப்போம். சங்கராந்தித் தாள். நம் பொங்கல்தான். கோலமும் கரும்பும் வண்ணத்தில். அடியில் ‘மாட்ட புட்டில்லு’. அன்றைய சொல்: கூடு.

பறவைக் கூடு என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டுத் தெலுங்கில் கூடு என்றால் சோறு, சாப்பாடு. நம் கூழும் அவர்கள் கூடும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அதே ழ, அதே ட. அறுவடைப் பண்டிகைக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன இருக்கிறது என்று பெருமையாக எழுதியிருந்தேன். ‘வீட்டார் எல்லாரும் கூடிக் கூடு உண்ணும் நாள்’ என்று கடைசி வரி.

அதைப் படித்துவிட்டுத்தான் ரத்னம் காரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

வருஷக்கணக்கில் சிவகாசிக்கு வந்து போகிறவர், தமிழ் நன்றாகவே பேசுவார். “அம்மா, எங்க பக்கம் இது மரியாதை இல்லாத வார்த்தை. திட்டும்போது சொல்றது. சங்கராந்தி அன்னைக்கு என் ஊர் ஜனம் கூடு தின்னுதுன்னு வீட்டுச் சுவத்துல மாட்ட முடியுமா? அன்னம்னு போடுங்க. போஜனம்னு போடுங்க.”

எனக்குச் சத்தியமாக அது தெரியாது. எங்கள் வீட்டில் மாப்பிள்ளையைப் பந்திக்கு அழைப்பதும் கூடு தின்னத்தான். ஆந்திரா பக்கம் கால் வைக்காத எங்களைப் போன்ற தெலுங்குக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. அகராதியில் பொருள் இருந்தது. அந்தச் சொல்லை எந்த முகத்தோடு சொல்வார்கள் என்பது இல்லை.

அண்ணாச்சி என் காதருகே குனிந்தார். “சோலிய முடிச்சுட்டியே தாயி.” பிறகு நிமிர்ந்து, பெரிய சிரிப்போடு, “சார், அந்தத் தாள மாத்திருதோம். பழைய பொன்மொழியே போட்டுருதோம். நீங்க காப்பி சாப்பிடுங்க” என்றார்.

“மாத்த மாட்டோம்” என்றேன்.

எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாய் சொல்லிவிட்டது.

கூடத்தில் நடந்தது

இனி தமிழில் பேசிப் பயனில்லை. எங்கள் வீட்டுத் தெலுங்கில் ஆரம்பித்தேன். நாலு வாக்கியம் போவதற்குள் முன்வரிசையில் ஒருவர் சிரிப்பைக் கைக்குட்டைக்குள் மறைத்தார். அவர்கள் காதுக்கு என் தெலுங்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கும் தெரியும். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பேசியதை உங்களுக்குத் தமிழில் தருகிறேன்.

பக்கத்தில் கிடந்த கழிவுத் தாளைத் திருப்பி, மார்க்கரால் கொட்டை எழுத்தில் எழுதினேன். கோழி–கோடி. ஏழு–ஏடு. மேழி–மேடி. கூழ்–கூடு. தமிழ்ச் சொல் தமிழில், தெலுங்குச் சொல் தெலுங்கு எழுத்தில். தூக்கிப் பிடித்து வாய்விட்டுப் படித்தேன்.

“கோடியில தப்பு இருக்கா?” என்றேன். இல்லை என்றார்கள். “ஏடுல?” அதிலும் இல்லை. “அப்ப கூடு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? அதே வரிசையில அதே வழியா வந்ததுதானே? அன்னமும் போஜனமும் சமஸ்கிருதத்துல இருந்து வந்த விருந்தாளிக. வரட்டும், நல்லா இருக்கட்டும். விருந்தாளிக்குப் பாய் விரிச்சோம்னு வீட்டுல பொறந்த பொண்ண கொல்லப்பக்கம் உக்கார வைப்பீகளா?”

ரத்னம் காரு, “மொழி அப்படித்தான் போகும்மா. நான் மாத்த முடியுமா?” என்றார். நியாயமான பதில்தான். நம் தமிழிலும் சோறு என்றால் கொஞ்சம் கீழே, சாதம் என்றால் கொஞ்சம் மேலே என்று ஆக்கி வைத்திருக்கிறோமே. ஓட்டலில் சோறு கேட்டால் திரும்பிப் பார்க்கிறார்கள்.

“மேடையில பேசுறவுக ‘கூடு குட்ட’ இல்லன்னு பேசுதாகளே, அப்ப கை தட்டுதீகளே?” என்றேன். குட்ட என்றால் துணி. சோறும் துணியும் இல்லை என்பதற்கு அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

“அது மேடை. இது பண்டிகை.”

தாளைப் பிடித்திருந்த கை வலித்தது. அப்போதுதான் கடைசி வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

அனந்தபுரத்து ஏஜெண்டு நரசிம்முலு எழுந்து நின்றார். அதிகம் பேசாத மனிதர். “மா இண்ட்லோ கூடே” என்றார். எங்கள் வீட்டில் கூடுதான். “எங்க அம்மா இன்னைக்கும் அப்படித்தான் கூப்பிடுது. நான்தான் டவுனுக்கு வந்தப்புறம் ஃபோன்ல அம்மா கூடு தின்னாச்சான்னு கேட்டா, பக்கத்துல யாராவது இருக்காங்களான்னு பார்த்துட்டுப் பதில் சொல்றேன்.” அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. “எனக்கு இந்தத் தாள் வேணும்.”

அவ்வளவுதான், கூடம் கலகலத்துவிட்டது. ஒருவர் தங்கள் பக்கத்தில் மோரைச் சல்ல என்போம் என்றார். இன்னொருவர், நாங்கள் மஜ்ஜிக என்போம், அதற்கு எந்த வீடு என்றார். கைக்குட்டைக்காரர் எழுந்து, எங்கள் ஜில்லாச் சொல் ஒன்றுகூட இல்லையா, இது அநியாயம் என்று என்னிடமே சண்டைக்கு வந்தார். என் தெலுங்கைக் கேட்டுச் சிரித்த அதே ஆள்! அண்ணாச்சி ஒன்றும் புரியாமல் என் முகத்தையும் அவர்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சண்டையா தாயி?”

“இல்ல அண்ணாச்சி. பொறந்த வீட்டுப் பெரும பேசுதாக.”

கை முன்னால் வந்தது

ரத்னம் காரு மட்டும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் கொஞ்சம் அடங்கியதும் என்னிடம் கேட்டார்.

“உங்க வீட்டுல நிஜமா மாப்பிள்ளைக்கும் இதே வார்த்தையா?”

“மாப்பிள்ளைக்கும் அதான். சாமிக்குப் படைக்கிறதும் அதான்.”

“உங்க முன்னோர் எப்ப இந்தப் பக்கம் வந்தாங்க?”

“யாருக்குத் தெரியும்? அதுக்கும் தெரியவில்லைன்னுதான் போடணும்.”

முதல் முறையாகச் சிரித்தார். பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்: “ஊரை விட்டுப் போனவங்க நீங்க, அந்த வார்த்தையை மரியாதையோட எடுத்துட்டுப் போயி, மரியாதையாவே வச்சிருக்கீங்க. அங்கேயே இருந்த நாங்கதான் இறக்கிட்டோம்.”

நான் இத்தனை நாள் புத்தகம் புத்தகமாகத் தேடி எழுதியதை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார்.

முதுகுக்குப் பின்னாலிருந்த கை முன்னால் வந்தது. தாளின் நுனியைப் பிடித்தார். சர்ர்ர்! அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. நேர்கோடாகக் கிழிந்தது, ஓர் எழுத்துக்கூடச் சிதையவில்லை. மடித்தார். சட்டைப் பையில் வைத்து, மேலே கையால் ஒரு தட்டுத் தட்டினார்.

பிறகு வரிசை கட்டிவிட்டார்கள். நரசிம்முலு தன் தாளைக் கிழித்து அங்கேயே படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பினார். கைக்குட்டைக்காரர் தன் ஜில்லாச் சொல்லைச் சேர்ப்பதாக என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கிழித்தார். அண்ணாச்சி, “நான் அன்னைக்கே சொன்னேன்லா, இது ஓடும்னு” என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனார். சொல்லட்டும், அன்றைக்கு யார் என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம்.

மதினியிடமிருந்து ஃபோன். கம்பெனி வாசலில் நின்று பேசுகிறாள், பின்னால் லோடு லாரி உறுமுகிறது.

“கிழிச்சாகளா, இல்லையா?”

“கிழிச்சுட்டாக மதினி! கிழிச்சுட்டாக!”

“எந்தச் சொல்லுக்கு?”

“கூடுக்கு.”

“போடி இவளே! அதுக்கா இம்புட்டுப் பாடு? அது தெனமும் திங்கிறதுதானே?” என்றாள். பிறகு அங்கே நின்றவர்களிடம் எல்லாம் கத்திச் சொல்வது கேட்டது.

ஆடிப் பதினெட்டுக்கு எங்கள் அச்சகத்தில் கலவைச் சோறு ஆக்குவார்கள். புளியோதரை, எலுமிச்சைச் சோறு, தயிர்ச் சோறு. மாடியில் இலை போட்டாகிவிட்டது. மை வாசனையை மீறிப் பெருங்காய வாசனை வந்தது. அண்ணாச்சி மாடிப்படியில் நின்று, “எல்லாரும் சாப்பிட வாங்க, போஜனம் ரெடி” என்று தன் தெலுங்கையும் காட்டிக்கொண்டார்.

ரத்னம் காரு அவரைக் கையமர்த்தினார். முதல் படியில் ஏறி நின்று, கூடத்தைத் திரும்பிப் பார்த்து, எங்கள் வீட்டில் மாப்பிள்ளையை அழைக்கிற அதே மரியாதையோடு உரக்கக் கூப்பிட்டார்:

“ரண்டி, கூடு திந்தாம்!”

வாங்க, கூடு தின்னலாம் என்கிறார். யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் எழுந்து சாப்பிடப் போனார்கள்.